இருபத்திரண்டு நிமிடப் பொய்

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு வெளியே, மரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து, போனில் 'ரமணி வெர்சஸ் ரமணி' பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. கழுத்தில் கம்பெனிக் கயிறு. அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், கயிற்றை விட்டுவிட்டார்கள். அதன் நுனியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டால் உள்ளே அட்டை இருப்பதுபோலவே இருக்கும். ஒரகடத்தில் டீக்கடையில் நிற்கிற ஆயிரம் பேர் அப்படித்தான் செருகியிருப்பார்கள்.

வேலை போய் பதினோராவது நாள் அது. வீட்டில் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் அர்ச்சனைக் கூடையோடு எதிரில் வந்தார். "என்ன தம்பி, லீவா?" என்றார். "இல்லக்கா, பக்கத்துலதான் கிளையண்ட் பிளாண்ட். அப்படியே சாமி கும்பிட்டுப் போலாம்னு வந்தேன்." கோயில் வாசலில் வைத்து சாமியையும் சேர்த்துப் பொய்க்குள் இழுத்தாயிற்று. அன்றைக்கு இரவு மனைவி கேட்டாள்: "வல்லக்கோட்டைக்குப் போயிருந்தீங்களாமே, எனக்கும் சேத்து வேண்டிக்கிட்டீங்களா?" ஆமாம் என்றேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்த தொடரில் இது நடந்திருந்தால், அந்த அக்கா அடுத்த காட்சியில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே வாய்தவறி எதையாவது சொல்லி, மொத்தத்தையும் போட்டு உடைத்திருப்பார். குடும்ப நகைச்சுவைத் தொடர்களில் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இருக்கிற முக்கியமான வேலையே அதுதான். நிஜத்தில் நடந்தது வேறு. அந்த அக்கா எனக்குச் சாட்சியாகிவிட்டார். பகல் வேளையில் ஒரகடம் பக்கம் நான் 'வேலையாக' இருந்ததைப் பார்த்த ஒருவர் தெருவிலேயே இருக்கிறார் என்றானபிறகு பொய்க்கு இன்னும் ஒரு மாதம் ஆயுள் கூடிவிட்டது.

வேலை போன கதையில் பெரிதாக எதுவும் இல்லை. தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம். எந்த வண்டியில் எந்த போல்ட் எவ்வளவு இறுக்கத்தில் முறுக்கப்பட்டது, அந்த போல்ட் எந்த லாட்டில் வந்தது என்பதுவரை பதிவு செய்து வைக்கிற சாஃப்ட்வேர். பத்து வருடம் கழித்து ஏதாவது ஒரு வண்டியில் கோளாறு என்றாலும் அதன் பிறந்த நாள் ஜாதகத்தை எடுத்துப் பார்த்துவிடலாம். ஒரு பிராஜெக்ட் கைவிட்டுப் போனது, ஆறு பேரைக் குறைத்தார்கள், அதில் நான் ஒருவன். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சொன்னார்கள். ஆறு மணிக்கு வழக்கம்போல வீட்டுக்குப் போனேன். மகள் யூகேஜி நோட்டில் 'ழ' எழுதிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இந்தப் பகுதியில் வேலை போவது யாருக்கும் புதிதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியதைப் பற்றி இன்றைக்கும் இங்கே யாராவது பேசுவார்கள். ஆனால் தொழிற்சாலை வேலை போவது ஊரறிய நடப்பது. முனையில் கம்பெனி பஸ் நிற்காமல் போனாலே தெருவுக்குத் தெரிந்துவிடும். யூனிஃபார்ம் கொடியில் காயாவிட்டால் மாடிவீட்டுக்குத் தெரிந்துவிடும். மறைப்பதற்கு இடமே கிடையாது. லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் போகிறவனுக்குத்தான் இந்த வசதி. அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. என் பையில் சாப்பாட்டு டப்பா, ஒரு தண்ணீர் பாட்டில், சார்ஜர்.

உலக சினிமா பார்க்கிறவன் என்ற பெருமை எனக்கு உண்டு. கியோஷி குரோசவாவின் 'டோக்கியோ சொனாட்டா'வை (2008) கல்லூரி முடித்த புதிதில் பார்த்துவிட்டு நண்பர்களிடம் ஒரு வாரம் பேசியிருக்கிறேன். வேலை போனதை வீட்டில் சொல்லாத அப்பா, கோட்டு சூட்டோடு பூங்காவில் இலவசச் சாப்பாட்டு வரிசையில் நிற்பார். அதைத் திரும்பப் பார்க்க எனக்கு அந்த நாட்களில் தைரியம் இல்லை. 'ரமணி வெர்சஸ் ரமணி'தான் முடிந்தது. அது ஒரு மருந்துபோல.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்துக்காக நாகா இயக்கிய தொடர், தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது. 'மர்மதேசம்' எடுத்து ஊரையே பயமுறுத்திய அதே நாகா. முதல் பாகத்தில் பப்லு பிருத்விராஜும் வாசுகியும் தம்பதி. இரண்டாம் பாகத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும். 2022-இல் ஆஹா தளத்துக்காக மூன்றாவதும் வந்தது. எனக்கு முதலிரண்டும்தான் மனசில் நிற்கிறது. தலைப்பே கோர்ட் வழக்குபோல இருக்கும். ஆனால் வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே பெயர். யார் ஜெயித்தாலும் ரமணிதான் ஜெயிப்பார், தோற்றாலும் ரமணிதான் தோற்பார். தாம்பத்தியத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகத் தலைப்பு வைக்க முடியாது.

சின்ன வயதில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தது. அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். அம்மா பெரும்பாலும் சிரிக்க மாட்டார், "பாவம், அந்தப் பொண்ணு" என்பார். இதில் பாவப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இந்த மாதிரித் தொடர்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. கணவன் ஒரு சின்ன விஷயத்தை மறைப்பான். கெட்ட எண்ணத்தில் அல்ல. அவள் வருத்தப்படக் கூடாது என்று, அல்லது திட்டு வாங்கக் கூடாது என்று. அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற நண்பன், நண்பனைக் காப்பாற்ற மாமனார். கடைசியில் எல்லோரும் ஒரே ஹாலில் ஒரே நேரத்தில் கூடுவார்கள். உண்மை வெளியே வரும். அவள் கோபப்படுவாள், அவன் காதைப் பிடித்துக்கொள்வான், "இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்பாள். இந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் மொத்தமும். விளம்பரம் போக அரைமணி நேரத் தொடரில் மிஞ்சுவது இருபத்திரண்டு நிமிடம். பொய்யின் ஆயுள் அதற்குள்தான்.

இது நம்மூர்ச் சரக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யில் இதே வேலையை மனைவி செய்வாள். கணவனுக்குத் தெரியாமல் லூசி எதையாவது செய்து மாட்டிக்கொள்வதுதான் அதில் பல கதைகளுக்கு அடிப்படை. லூசில் பாலும் டெசி அர்னாஸும் நிஜத்திலும் கணவன் மனைவி. திரையில் ஒவ்வொரு தடவையும் சமாதானம் ஆனவர்கள், 1960-இல் விவாகரத்து வாங்கினார்கள்.

நம் பக்கத்தில் இந்த இலக்கணத்துக்கு மூத்தவர் விசு. 'மணல் கயிறு' (1982) படத்தில் எஸ்.வி. சேகரின் கிட்டுமணி தனக்கு வரும் மனைவிக்கு எட்டு நிபந்தனைகள் போடுவார். நாரதர் நாயுடுவாக வரும் விசு, எட்டும் பொருந்தும் என்று அடித்துச் சொல்லிக் கல்யாணத்தை முடித்துவைப்பார். தாலி ஏறியபிறகு ஒவ்வொன்றாக அவிழும். நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம், ஏனென்றால் நிபந்தனை போட்டவன் அசட்டுத்தனமாகப் போட்டான், அவனுக்கு வேண்டும். ஒரு பொய் நமக்கு வேடிக்கையாக இருக்க வேண்டுமென்றால் ஏமாறுகிறவன் அதற்குத் தகுதியானவனாக இருக்க வேண்டும். என் வீட்டில் ஏமாறிக்கொண்டிருந்தவள் எந்த நிபந்தனையும் போட்டதில்லை.

மரத்தடியில் உட்கார்ந்து இதையெல்லாம் யோசிக்க நேரம் தாராளமாக இருந்தது. ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உட்கார்ந்திருந்தபோது, பாட்டி சொன்ன ஒரு கதை நினைவுக்கு வந்தது. ராமானுஜர் பிறந்த ஊர் இது. அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, மனைவி பெயர் தஞ்சம்மாள். குருபரம்பரைக் கதைகள் சொல்கிறபடி இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பசியோடு வந்தவருக்கு அவள் சோறு போட மறுத்ததுபோல சில சம்பவங்கள். கடைசியில் ராமானுஜர், அவள் அப்பா எழுதியதுபோல ஒரு கடிதம் எழுதி, பிறந்த வீட்டில் கல்யாணம் என்று அவளை அனுப்பிவைத்துவிட்டுத் துறவு வாங்கிக்கொண்டார். பாட்டி இதைச் சொல்லும்போது அவரது பெருமைக்காகச் சொல்வாள்; அவருக்கு முன்னால் இருந்தது ஊருக்கான காரியம், அதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் எனக்கு அன்று தோன்றியது அந்தக் கடிதத்தைப் பற்றித்தான். பொய்க் கடிதம், பிறந்த வீட்டுக் கல்யாணம், எல்லாமே நகைச்சுவைத் தொடரின் சாமான்கள். ஒரு காட்சி மட்டும் இல்லை. தஞ்சம்மாள் புடவை, பலகாரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போய் அப்பா வீட்டு வாசலில் நிற்கிறாள், அங்கே கல்யாணம் எதுவும் இல்லை. அந்தக் காட்சியை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒண்ணாம் தேதி வந்தது. என் சம்பளக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு நாற்பதாயிரம் மாற்றுவது வழக்கம். எஃப்.டி. ஒன்றை உடைத்து அதே தேதியில் அதே தொகையை மாற்றினேன். மனைவியின் போனில் மெசேஜ் சத்தம் கேட்டது. எனக்கு நானே சம்பளம் போட்டுக்கொண்டேன். அந்த இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். குற்ற உணர்வில் புரண்டுகொண்டிருந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் தூங்கினேன்.

அவளைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறாள். டிப்ளமோ. பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், காலை ஐந்தேகாலுக்கு பஸ். லைனில் கெட்டுப்போன பாகத்துக்கு என்.ஜி. என்று பெயர், சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். வீட்டிலும் அந்தப் பாஷை வந்துவிடும். தீய்ந்த தோசை என்.ஜி., ஒரு பக்கம் கிழிந்த சாக்ஸ் என்.ஜி.

முப்பத்தெட்டாவது நாள், திங்கட்கிழமை. நான் 'ஆபீஸிலிருந்து' வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து பேசினாள். லைன் லீடர் போஸ்ட் வந்ததாம். சம்பளம் ஏழாயிரம் கூட, ஆனால் மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் போக வேண்டும், நைட்டும் உண்டு. பாப்பா சின்னவள், நைட் ஷிஃப்ட் என்றால் அம்மாவை வந்தவாசியிலிருந்து வரவழைக்க வேண்டும். யோசித்துப் பார்த்தாளாம்.

"வேணாம்னு சொல்லிட்டேங்க. அப்படி என்ன அவசரம் நமக்கு? அதான் நீங்க இருக்கீங்கல்ல."

நான் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டேன். "சரி, உனக்கு எது சௌகரியமோ" என்றேன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அந்த வரியைத்தான். முதல் வெள்ளிக்கிழமை சொல்லாததற்கு ஏதேதோ காரணம் சொல்லலாம். பயம், அவமானம், வேலை கிடைத்ததும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்ற ஆசை. இந்தத் திங்கட்கிழமைக்கு எதுவும் இல்லை. எங்கள் தொழிலில், மாறிப்போன தகவலை வைத்துக்கொண்டு ஒரு சிஸ்டம் முடிவெடுத்தால் சிஸ்டத்தைக் குறை சொல்ல மாட்டோம். தகவலை யார் புதுப்பிக்காமல் விட்டது என்றுதான் தேடுவோம். அவள் மிகச் சரியாகத்தான் முடிவெடுத்தாள். இல்லாத சம்பளத்தைக் கணக்கில் வைத்து.

வியாழக்கிழமை சொன்னேன். அதற்கும் மூன்று நாள் ஆயிற்று. பாப்பா தூங்கியபிறகு, அவள் காலைக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது, வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். இருபத்திரண்டாவது நிமிடத்தை எதிர்பார்த்தேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்பாள், அல்லது "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று அழுவாள், நான் கையைப் பிடித்துக்கொள்வேன். இந்தத் தொடர்கள் சின்ன வயதிலிருந்து எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்: மனைவிக்கு எப்போதும் முன்பே தெரிந்திருக்கும்.

அவளுக்குத் தெரியவில்லை. துளிகூடத் தெரியவில்லை.

நறுக்கியதை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினாள். "திங்கக்கெழம நான் சொன்னப்போ உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள்.

"தெரியும்."

"அப்பவும் சரின்னீங்க."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "எங்க லைன்ல தப்பு பண்ணதுக்கு யாரும் திட்ட மாட்டாங்க. என்.ஜி.ன்னு தெரிஞ்சே அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பினா மட்டும்தான் திட்டுவாங்க. நீ தெரிஞ்சே அனுப்பியிருக்க."

கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவள் என்னை 'நீ' என்றது அன்றுதான். பிறகு எவ்வளவு பணம் மிச்சம் இருக்கிறது, வாடகை எத்தனை மாதத்துக்குத் தாங்கும், இன்சூரன்ஸ் தேதி எப்போது என்று கேட்டாள். ஸ்கூல் டைரியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அழவில்லை. நாலரைக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்தாள்.

உறுதுணை என்பதைத் தொடர்களில் பரிசுபோலக் காட்டுகிறார்கள். உண்மையைச் சொன்னால் கடைசியில் கிடைக்கும். ஒத்துக்கொண்ட கணவனுக்குத் தோளில் ஒரு கை. மறைத்த நாட்களில் அந்தத் துணையைக் கொடுக்கும் வாய்ப்பே மனைவியிடமிருந்து பிடுங்கப்பட்டது என்பதை எந்த எபிசோடும் நின்று பார்ப்பதில்லை. நேரம் கிடையாது, அடுத்த வாரம் வேறு பொய். நாற்பத்தோரு நாளும் நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் ஒருநாள் சண்டையில் சொன்னது வேறு: "நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல." தன் அப்பாவுக்கு இரண்டு வருடம் நோய் பார்த்தவள் அவள். நான் தாங்க மாட்டாள் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கம்பெனியில் கேட்டுப் பார்த்தாள். போஸ்ட்டை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போதும் அந்தப் பெண்தான் இவளுடைய லைன் லீடர்.

அடுத்த வாரம் தன் சம்பளத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றினாள். எனக்கு சுருக்கென்றது. அம்மாவிடம் போனில் சொன்னேன், ஆறுதலுக்காக. "நல்லதுதான் பண்ணியிருக்கா" என்றார் அம்மா. அப்பாவின் சீட்டுப் பணக் கதை ஒன்று எங்கள் வீட்டில் யாரும் பேசாமல் கிடக்கிறது. அன்றைக்கும் அம்மா அதைப் பேசவில்லை.

எனக்கு 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தின் முடிவு ஞாபகம் வந்தது. சிரிக்கவும் அழவும் வைத்து, வீட்டுக்கு நடுவே போட்ட சாக்பீஸ் கோட்டையும் தாண்டி எல்லோரும் மறுபடி ஒன்றாகச் சேரப்போகும் நேரத்தில், மூத்த மருமகள் உமாவாக வரும் லட்சுமி வேண்டாம் என்பாள். தனித்தனியாக இருப்போம், விடுமுறை நாட்களில் பார்த்துக்கொள்வோம். சேர்த்துவைப்பதற்கு அத்தனை பாடுபட்டவளே அப்படிச் சொல்வாள். சின்ன வயதில் இந்த முடிவின்மேல் எனக்குக் கோபம் இருந்தது. விசு எழுதியதிலேயே நேர்மையான இடம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கோடு போட்டவர்கள் எல்லாம் வெறுத்தவர்கள் இல்லை.

மூன்றாவது மாதம் கிண்டியில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு, போகவர மூன்று மணி நேரம். அந்த இடைக்காலத்தில் காலையில் பாப்பாவைக் கிளப்பி ஸ்கூலுக்கு விட்டது நான்தான். சடை பின்னக் கற்றுக்கொண்டேன், சுமாராக. அவள் ஓவர்டைம் பார்த்தாள். என் இண்டர்வியூவுக்கு முந்தின இரவு சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அது மன்னிப்பா என்று நான் கேட்கவில்லை. 'நீங்க' எந்த நாளில் திரும்பி வந்தது என்றும் கவனிக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யூடியூபில் 'ரமணி வெர்சஸ் ரமணி' எபிசோடு ஒன்றை அவளே போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நன்றாகவே சிரித்தாள், நான் சிரிக்காத இடங்களில். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, "இந்த ஆளு இப்பவே சொல்லிட்டா படம் முடிஞ்சிரும்ல" என்றாள். முடிஞ்சிரும் என்றேன். மறுபடி ஓடவிட்டாள்.

ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் அவள் போனில் மெசேஜ் சத்தம் கேட்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு, முகத்தில் பாதிச் சிரிப்போடு கேட்கிறாள்: "இது கம்பெனி போட்டதா, நீங்க போட்டதா?"

நான் என் போனைத் திறந்து அவள் கையில் கொடுக்கிறேன். அவள் வாங்கிப் பார்க்கிறாள்.